மிட்கார் நகரின் இரண்டாவது குண்டுவெடிப்பு

2024 ஆம் ஆண்டு கோடையில் ரொறொன்ரோ சென்று அக்காவின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஓரிரவு, நாற்பதை எட்டிக்கொண்டிருக்கும் என் மருமகன் தன் பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு என்னை நிலக்கீழ் அறைக்கு அழைத்துச் சென்றான். பெரிய தொலைக்காட்சித் திரையை உயிர்ப்பித்து, விளையாட்டுக் கருவியின் கைப்பிடியை என் கையில் திணித்தான்.

"மாமா, ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டான்.

திரையில் ஒரு புகையிரதம் இருளைக் கிழித்துக்கொண்டு நிலையத்துள் நுழைந்தது. அதன் கூரையிலிருந்து, தன் உயரத்துக்கு ஏறக்குறைய நிகரான வாளைச் சுமந்த இளைஞன் ஒருவன் குதித்தான். ஞாபகம் இருந்தது. இதே புகையிரதத்தையும் இதே வாளையும் நாங்கள் இருவரும் 1999 இல் வெள்ளவத்தையில், பதினான்கு அங்குலத் திரையொன்றில் பார்த்திருந்தோம்.

இப்பக்கத்தை வழமையாக வாசிக்கும் அன்பர்களுள் வீடியோ விளையாட்டுக்களை ஏறெடுத்தும் பாராதவர்களே அதிகம் இருக்கக்கூடும். அரசியலும் இதழியல் வரலாறும் எழுதிவந்தவனுக்கு வயது போன காலத்தில் இதென்ன விளையாட்டு என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும் 1997 இல் வெளிவந்து, 23 ஆண்டுகளின் பின்னர் அதே நிறுவனத்தால் மீளவும் ஆக்கப்பட்ட ஒரு கதையைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு செய்தியாளனிடம் சில விடயங்கள் உண்டு. பொறுமையுடன் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபான்டசி 7. சுட்டு வீழ்த்துவதும் ஓடித் தாண்டுவதுமான விளையாட்டுக்களிலிருந்து வேறுபட்டு, ஒரு பாத்திரத்தை ஏற்று நீண்ட கதையொன்றினுள் நடந்து செல்லும் வகையைச் சேர்ந்தது இது. ஊர் ஊராகச் செல்ல வேண்டும், மனிதர்களோடு பேச வேண்டும், சண்டையிட வேண்டும், நாவலொன்றை வாசித்து முடிப்பதுபோல நாற்பது மணித்தியாலம் செலவிட வேண்டும்.

அக்கா குடும்பம் 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தைவிட்டு இலட்சக்கணக்கானோரோடு இடம்பெயர்ந்து, தென்மராட்சி, வன்னி, வவுனியா என்று அலைந்து கொழும்பை வந்தடைந்து, கனடா விசாவுக்காகக் காத்திருந்த காலம் அது. மருமகனுக்கு அப்போது பதினான்கு வயது. யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் 1990 இல் துண்டிக்கப்பட்டபோது அவனுக்கு ஐந்து வயது. எழுத்துக் கூட்டப் பழகியதும் கணக்குப் போட்டதும் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில்தான். வெள்ளவத்தை வாடகை வீட்டில் பழைய கணினி ஒன்று கிடைத்ததும் அவன் அதைவிட்டு எழும்பவேயில்லை. பிரதி செய்யப்பட்ட இறுவட்டுக்களை யாரோ ஒரு பாடசாலை நண்பன் கொடுத்திருந்தான். இரவுக் கடமை முடிந்து நான் பத்திரிகை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது அவன் விழித்திருப்பான்.

"மாமா, இதில வாற கதை உங்கட பேப்பரில வாற கதை மாதிரித்தான் கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ" என்று ஒருநாள் கூப்பிட்டான். பார்த்தேன். பின்னர் பல இரவுகள் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த உரையாடல்களை நான் வாசித்துச் சொல்ல, அவன் ஆடினான். மொழிபெயர்ப்பு அவசரத்தில் செய்யப்பட்டிருந்தது என்பது முதல் அரை மணித்தியாலத்திலேயே தெரிந்தது. இலக்கணம் பிழைத்த வசனங்களைத் திரையிலேயே சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும்போலக் கை துறுதுறுக்கும்.

கதை இதுதான். மிட்கார் என்பது ஒரு மாநகரம். வசதி படைத்தோர் நிலத்துக்கு மேலே உயர்த்தப்பட்ட பிரமாண்டமான உருக்குத் தட்டுக்களின்மீது வாழ்கிறார்கள். ஏழைகள் அத்தட்டுக்களின் கீழே, சூரியனே படாத சேரிகளில் வாழ்கிறார்கள். நகரத்தை ஆள்வது அரசன் அல்லன். ஷின்ரா என்ற மின்சாரக் கம்பனி. அது பூமியின் உயிரோட்டத்தையே உறிஞ்சி, மாக்கோ என்ற சக்தியாக மாற்றி விற்கிறது. பூமி செத்துக்கொண்டிருக்கிறது என்று நம்பும் அவலாஞ்ச் என்ற சிறு குழு, கம்பனியின் முதலாவது உலைக்குக் குண்டு வைக்கிறது. அக்குழுவுக்குக் கூலிக்கு வேலை செய்ய வந்தவன்தான் வாள் சுமந்த கிளவுட். விளையாடுபவர் ஏற்கும் பாத்திரம் அவனே. ஆகவே, குண்டை வைப்பவர் விளையாடுபவர்தான்.

"மின்சாரம் குடுக்கிறவன் எப்பிடி மாமா கெட்டவன்?" என்று மருமகன் கேட்டான். அவனுடைய ஒன்பது வருட இருட்டை அறிந்த எனக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை.

இந்த விளையாட்டு உருவான வரலாறு சுவையானது. டோக்கியோவைச் சேர்ந்த ஸ்குவெயர் நிறுவனம் தனது முதலாவது ஃபைனல் ஃபான்டசியை 1987 டிசம்பரில் நின்டென்டோவின் கருவிக்காக வெளியிட்டது. 1994 இற்குள் ஆறு பாகங்கள் வந்துவிட்டன; ஆறும் நின்டென்டோவுக்கே. அவற்றுள் மூன்று மட்டுமே அமெரிக்காவை அடைந்தன; அவையும் அங்கு 1, 2, 3 என்ற வேற்று இலக்கங்களோடு விற்கப்பட்டன. நின்டென்டோவும் சொனியும் சேர்ந்து இறுவட்டில் இயங்கும் கருவியொன்றைத் தயாரிக்கப் போட்ட திட்டம் 1991 இல் முறிந்தது. தனித்துவிடப்பட்ட சொனி 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நின்டென்டோவோ தனது அடுத்த கருவிக்கும் பழைய பேழை முறையையே தெரிவு செய்தது. ஓர் இறுவட்டு 650 மெகாபைட் அளவு தகவலைத் தாங்கும். பேழையோ அதில் பத்திலொரு பங்கைத்தான் தாங்கும். அசையும் படங்களோடு பெருங்கதை சொல்ல விரும்பிய ஸ்குவெயர், 1996 இன் தொடக்கத்தில் சொனியின் பக்கம் சாய்ந்தது. ஏழாவது பாகம் மூன்று இறுவட்டுக்களில் வெளிவந்தது. ஜப்பானிய விளையாட்டுத் துறையின் தலைமை கைமாறிய நிகழ்வு இது எனலாம்.

தயாரிப்பாளர் ஹிரொனோபு சக்காகுச்சி. இயக்குநர் யோஷினோரி கித்தாசே. பாத்திரங்களை வரைந்தவர் தெத்சுயா நொமுரா. கதையாக்கத்தில் கசுஷிகே நொஜிமா. இசை நொபுவோ உவெமத்சு. தொடக்கத்தில் 1999 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நிகழும் துப்பறியும் கதையாகவே சக்காகுச்சி இதை எண்ணியிருந்தார். தொடரின் மூன்றாவது பாகத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் தன் தாயாரை இழந்தார். உயிர் என்பது என்ன, இறந்தபின் அது எங்கே போகிறது என்ற கேள்விகள் அன்றுமுதல் அவரைத் தொடர்ந்தன. இறந்தோர் யாவரும் திரும்பிச் சென்று கலக்கும் பூமியின் உயிரோட்டம் என்ற கருத்து அக்கேள்விகளிலிருந்து பிறந்தது.

விளையாட்டு உருவாகிவந்த 1995 ஜப்பானுக்குக் கொடிய ஆண்டு. ஜனவரி 17 இல் கோபே நகரைப் பூகம்பம் சிதைத்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மார்ச் 20 இல் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு டோக்கியோவின் சுரங்கப் புகையிரதங்களில் சரின் நச்சுவாயுவைப் பரப்பியது. நகரமொன்று நொடியில் நொறுங்கும் என்பதையும், உலகைக் காக்கவே கொல்கிறோம் என்று சொல்வோர் நம்மிடையே உண்டு என்பதையும் அந்நாட்டு மக்கள் ஒரே ஆண்டில் கண்டார்கள். படைப்பாளர்கள் இவற்றை மனத்தில் வைத்தே எழுதினார்கள் என்று நான் வாதிடவில்லை. அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களின் கதை இது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஜப்பானில் விளையாட்டு வெளிவந்த நாள் 1997 ஜனவரி 31. முதல் மூன்று நாட்களில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவுக்கும் நவம்பரில் ஐரோப்பாவுக்கும் சென்றது. கணினிப் பதிப்பு 1998 இல் வந்தது. வெள்ளவத்தைக்கு வந்தது அதன் கள்ளப் பிரதி. ஜனவரி 31 என்ற திகதியை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்கட்டும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதல் இறுவட்டின் முடிவில் ஒரு மரணம் நிகழ்கிறது. சேரியில் பூ விற்கும் ஏரித் என்ற பெண் கதைநாயகர்களோடு சேர்ந்து பயணம் செய்கிறாள்; 1997 ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு அவளை ஏரிஸ் என்று எழுதியது. பாழடைந்த நகரொன்றின் பலிபீடத்தில் அவள் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும்போது, செஃபிரோத் என்பவன் மேலிருந்து இறங்கி வாளால் குத்திக் கொன்றுவிடுகிறான். அவள் கூந்தலில் செருகியிருந்த வெண்மணி படிகளில் துள்ளித் துள்ளி நீரில் விழுகிறது. உடனே ஒரு சண்டை தொடங்குகிறது. ஆனால் வழமையான போர்ப்பறை ஒலிக்கவில்லை. அவளுக்குரிய மெல்லிசையே சண்டை முடியும்வரை ஒலிக்கிறது. ஆடுபவர் அழுதுகொண்டே அடிக்க வேண்டும். நிஜ வாழ்வில் மரணம் காரணமோ அறிவித்தலோ இன்றி வருகிறது, அது விட்டுச் செல்வது வீரத்தை அல்ல, வெறுமையை என்ற பொருளில் கித்தாசே பிற்காலத்தில் விளக்கமளித்தார்.

உலகெங்கும் ஆடியவர்கள் அவளை உயிர்ப்பிக்க வழி தேடினார்கள். இந்தக் குகைக்குப் போனால் வருவாள், அந்தப் பொருளைச் சேர்த்தால் வருவாள் என்று பல்லாண்டுகள் வதந்திகள் உலாவின. என் மருமகனும் இரண்டு வாரம் தேடினான். ஓரிரவு நான் வீடு திரும்பியபோது கணினி அணைந்திருந்தது. இருட்டில் இருந்தபடி, "எல்லா வழியும் பாத்திட்டன் மாமா. ஏலாது" என்றான். அந்த வயதுக்குள் அவன் நிஜத்தில் இழந்தவர்கள் பலர். அவர்களுக்காக அவன் அழுது நான் கண்டதில்லை. அன்றிரவு அழுதான்.

இனி, மறு ஆக்கத்தின் கதைக்கு வருவோம். 2001 இல் சக்காகுச்சி இயக்கிய முழுநீளத் திரைப்படம் பெருந்தோல்வி கண்டது. 2003 ஏப்ரிலில் ஸ்குவெயர், எனிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. சக்காகுச்சி விலகிச் சென்றார். 2005 மே மாதத்தில் சொனியின் புதிய கருவியின் ஆற்றலைக் காட்டுவதற்காக அந்தப் புகையிரதக் காட்சியைப் புத்தம் புதிதாக வரைந்து திரையிட்டார்கள். அது வெறும் செய்முறை விளக்கம்தான் என்று நிறுவனம் சொல்லியும் எவரும் நம்பவில்லை. எதிர்பார்ப்பு பத்தாண்டுகள் நீடித்தது. 2014 டிசம்பரில் மேடையேறி, பழைய கணினிப் பதிப்பையே புதிய கருவிக்குத் தருகிறோம் என்று அறிவித்து ஏமாற்றினார்கள். 2015 ஜூனில்தான் உண்மையான அறிவித்தல் வந்தது. 2020 ஏப்ரில் 10 ஆம் திகதி, கொரோனாப் பெருந்தொற்றால் உலகம் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது முதலாவது பாகம் வெளியானது. மூன்று நாட்களில் முப்பத்தைந்து இலட்சம் பிரதிகள் சென்றடைந்தன. இரண்டாவது பாகம் 2024 பெப்ரவரி 29 இல் வந்தது. நொமுராவும் கித்தாசேயும் நொஜிமாவும் மீளவும் சேர்ந்திருந்தார்கள். முதற்பாகத்தின் இயக்குநர் பொறுப்பை நொமுரா ஏற்றார்.

ஆவணக் காப்பகங்களில் தூசி தட்டியவன் என்ற வகையில் என்னை உறுத்திய செய்தி ஒன்றுண்டு. தொண்ணூறுகளில் இந்த நிறுவனங்கள் தம் படைப்புக்களின் மூலங்களைப் பேணவில்லை. கணினிப் பதிப்பைத் தயாரித்தவர்களுக்கு ஏழாவது பாகத்தின் இறுதி வடிவ நிரல் கிடைக்கவில்லை. அதற்கு முந்திய, வழுக்கள் மலிந்த பிரதியிலிருந்தே வேலையைத் தொடங்கினோம் என்று அவர்கள் பின்னர் கூறினார்கள். 2002 இல் இதே நிறுவனம் வெளியிட்ட கிங்டம் ஹார்ட்ஸ் விளையாட்டின் மூலத் தரவுகளும் தொலைந்துபோயின. 2013 இல் அதை மெருகேற்றி வெளியிடும்போது, கடையில் விற்ற பிரதியைப் பார்த்துப் பெரும்பகுதியை மீளச் செய்தார்கள். கோடிக்கணக்கான டொலர் செலவில் ஆக்கிய ஒன்றைப் பத்தாண்டுகூடக் காக்கத் தெரியாத தொழில் இது. பத்திரிகைத் தொழிலும் அப்படித்தான்.

ரொறொன்ரோவில் நான் ஆடத் தொடங்கினேன். இம்முறை வாசித்துச் சொல்ல அவசியமில்லை, பாத்திரங்களே பேசினார்கள். 1997 இல் முகமும் விரல்களும் தெளிவற்ற பொம்மைகளாக இருந்தவர்கள் வியர்வை துளிர்க்கும் மனிதர்களாகியிருந்தார்கள். பட்டியலில் கட்டளையைத் தெரிவு செய்து காத்திருந்த பழைய சண்டை, விரல்கள் ஓயாது இயங்க வேண்டிய சண்டையாகியிருந்தது. ஐம்பது வயது கடந்த விரல்கள் பலமுறை தோற்றன. மருமகன் சிரித்தபடி கைப்பிடியை வாங்கி உதவினான்.

குண்டு வெடித்தது.

1997 இல் பத்து நிமிட நேரக்கணிப்பில் உலையிலிருந்து தப்பியோடியதும் ஒரு வெடிப்பு, பிறகு வீதி, வீதியில் பூக்கூடையுடன் ஏரித், ஒரு பூ வாங்கலாம், புகையிரதமேறித் தப்பலாம். சில நிமிடங்களில் அந்தக் கட்டம் முடிந்துவிடும். இறந்தவர்கள் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. 2020 இல் அதே வீதியில் நடக்க வேண்டும். ஓடித் தப்ப முடியாது. இருபுறமும் தீ. உடைந்த கண்ணாடி. பிள்ளையைத் தேடும் தாய். சுவரில் சாய்ந்து எங்கோ வெறித்துப் பார்க்கும் மனிதர். யார் இதைச் செய்தார்கள் என்று ஓலமிடும் குரல்கள். அவர்களுக்கிடையே, அதைச் செய்த நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டேன். மருமகன் என்னைப் பார்த்தான். நான் சொல்லவேண்டிய திகதிக்கு இப்போது வந்துவிட்டோம்.

விளையாட்டு வெளிவருவதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்னர், 1996 ஜனவரி 31 இல், கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கிமீது விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியால் தாக்குதல் நடத்தினார்கள். 91 பேர் கொல்லப்பட்டனர் என்றும் 1400 பேர்வரை காயமடைந்தனர் என்றும் பதிவாகியுள்ளது. அன்று நான் இளம் செய்தியாளன். தமிழ் அடையாளத்தோடு கோட்டைப் பக்கம் போவதற்கே அஞ்சிய நாள் அது. விடுதிகளில் தங்கியிருந்த தமிழ் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். தொலைபேசியிலும் அறிக்கைகளிலும் தகவல் திரட்டி முதற்பக்கச் செய்தியை எழுதினேன். பலியானோர் தொகை, காயமடைந்தோர் தொகை, சேதமடைந்த கட்டடங்கள், அமைச்சரின் கண்டனம். எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் அலுவலக வாசலில் ஓர் இளைஞர் நின்றார். மலையகத்தில், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்தார். அவருடைய அண்ணன் கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவராம். ஆஸ்பத்திரியிலும் தேடியாயிற்று, பிணவறையிலும் தேடியாயிற்று. "ஐயா, பேப்பர்ல பேரு வருங்களா?" என்று கேட்டார். பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். பட்டியல் வந்தால் போடுவோம் என்றேன். பட்டியல்கள் வந்தன. ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. துண்டு எங்கே போயிற்றென்று தெரியாது. பெயர் நினைவிலில்லை. இதை நான் எவருக்கும் சொன்னதில்லை. அன்றிரவு மருமகனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

முதல்முறை எழுதும்போது நாம் தொகையை எழுதுகிறோம். இரண்டாம்முறை எழுதக் கிடைத்தால் மனிதரை எழுதுகிறோம். மறு ஆக்கத்தின் பெருமை இதுதான் என்று அப்போது நினைத்தேன். பழைய விளையாட்டில் பெயரும் சில வசனங்களும் மட்டுமே பெற்றிருந்த ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் ஆகிய அவலாஞ்ச் உறுப்பினர்கள் இதில் முழு மனிதர்கள். குண்டைச் செய்த ஜெஸ்ஸியின் தந்தையே ஷின்ராவின் ஊழியர். மாக்கோ நச்சால் நினைவிழந்து படுக்கையில் கிடக்கிறார். மகள் ஏன் குண்டு செய்தாள் என்பது ஒரு படுக்கையறையைக் காட்டிய மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது.

ஆனால், தொடர்ந்து ஆடியபோது என் மகிழ்ச்சி குறைந்தது. மறு ஆக்கம் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்திருக்கிறது. 1997 இல் உலையைத் தகர்த்தது அவலாஞ்சின் குண்டுதான். அதில் ஐயமே இல்லை. 2020 இலோ அந்தக் குண்டு போதிய சேதத்தை விளைவிக்கவில்லை. கம்பனியின் தலைவரே தன் இயந்திரங்களை ஏவி உலையை வெடிக்கவைத்து, பழியை அவலாஞ்சின்மீதும் எதிரி நாடான வூட்டாயின்மீதும் போடுகிறார். எதிர்பார்த்ததைவிட வெடிப்பு ஏன் பெரிதாயிற்று என்று ஜெஸ்ஸி வருந்துகிறாள். ஆடுபவருக்கோ உண்மை தெரியும், குற்றம் அவளுடையதன்று. ஏழாம் பிரிவின் உருக்குத் தட்டைக் கம்பனி வீழ்த்திச் சேரியை நசுக்கும் காட்சியும் அப்படியே. பழைய கதையில் அங்கிருந்தோர் நசுங்கி மாண்டார்கள். புதியதில் பலர் முன்கூட்டியே வெளியேற்றப்படுகிறார்கள்; இறந்தார் என்று நாம் நினைத்த பிக்ஸ்கூட இறுதியில் உயிரோடு தென்படுகிறார்.

பாதிக்கப்பட்டோரின் முகங்களை நெருங்கிக் காட்டுவதற்கு அவர்கள் துணிந்தார்கள். ஆனால் அந்த முகங்களுக்கு நாயகர்கள் பதில் சொல்ல வேண்டிய கடனை இலேசாக்கிவிட்டார்கள். 1997 இற்கும் 2020 இற்கும் இடையே 2001 செப்டெம்பர் 11 வந்துபோயிற்று. குண்டு வைப்பவரை நாயகராக்குவது உலகச் சந்தையில் முன்போல எளிதன்று. காரணம் அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பழைய கதை இவ்விடத்தில் கடுமையானது. அதன் பிற்பகுதியில், முதலாவது உலை வெடித்தபோது எத்தனைபேர் இறந்தார்கள் தெரியுமா என்று தோழர்களுள் ஒருவரே குழுத் தலைவன் பரெட்டிடம் கேட்கிறார். பூமியைக் காப்பதற்கான தவிர்க்க முடியாத இழப்பு என்று பரெட் பதிலளிக்கிறான். உனக்கு அது சில உயிர். இறந்தவர்களுக்கு அதுதான் எல்லாம் என்ற கருத்தில் மறுமொழி வருகிறது. பரெட்டுக்குப் பேச்சில்லை. முகமேயற்ற பொம்மைகளைக் கொண்டு, இலக்கணம் பிழைத்த ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட இந்த உரையாடல், மறு ஆக்கத்தின் எரியும் வீதியைவிட நேர்மையானது. அந்த இடத்தை 1999 இல் நானே உரக்க வாசித்தேன். வாசித்துக்கொண்டே மேசை லாச்சியை நினைக்கவில்லை என்பதுதான் இப்போது வியப்பாக உள்ளது.

மறு ஆக்கத்தில் ஆவிகள் சில வருகின்றன. சாம்பல்நிற அங்கி அணிந்த உருவங்கள். கதை பழைய பாதையிலிருந்து விலகும்போதெல்லாம் கூட்டமாக வந்து தடுத்து, நடந்தது நடந்தபடியே நடக்கவேண்டும் என்று வற்புறுத்துகின்றன. முதற்பாகத்தின் முடிவில் நாயகர்கள் அவற்றோடு போரிட்டு வெல்கிறார்கள். மாற்றக்கூடாது என்று அடம்பிடித்த பழைய இரசிகர்களையே படைப்பாளர்கள் ஆவிகளாக்கினார்கள் என்று பலர் வாசித்தார்கள். எனக்கோ அவை வரலாற்றின் காவலர்களாகத் தோன்றின. வரலாற்றை மறுவாசிப்புச் செய்யலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம், ஆனால் செய்தவர் செய்தார் என்பதை அழித்தெழுத வருகையில் யாரேனும் வந்து கையைப் பிடிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இரண்டு பதிப்புக்களுக்கும் இடையே, 2011 மார்ச் 11 இல் பூகம்பமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைத் தாக்கின. ஒரு மின்சாரக் கம்பனியின் உலைகள் உருகின. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 1997 இல் கற்பனையாக இருந்த ஷின்ராவை இன்று ஜப்பானியர் ஒருவர் அதே கண்களால் பார்க்க முடியாது. மின்சாரம் கொடுப்பவன் எப்படிக் கெட்டவன் என்று கேட்ட என் மருமகன் இன்று கனடாவில் மின்பொறியியலாளன். அந்தக் கேள்வியை நினைவூட்டினேன். "விளக்கு எரிஞ்சா காணும் எண்டு நினைச்ச வயசு மாமா. ஆற்ற வளவில இருந்து அந்த வெளிச்சம் வருது எண்டு அப்ப கேக்கேல்ல" என்றான்.

இரண்டாவது பாகத்தின் இறுதியில் நாங்கள் அந்தப் பலிபீடத்தை அடைந்தபோது விடியப்போகிறது. செஃபிரோத் இறங்குகிறான். கிளவுட் தன் வாளால் அந்த வாளைத் தட்டிவிடுகிறான். ஒரு கணம், இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேடிய வழி திறந்ததுபோல இருக்கிறது. அடுத்த கணம் இரத்தம். அவள் தப்பினாளா இறந்தாளா என்று கிளவுட்டின் கலங்கிய மனம் இரண்டையும் மாறிமாறிக் காண்கிறது. மற்றத் தோழர்கள் அழுகிறார்கள். அவன் மட்டும் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறான். சடலம் காணாதவர்களின் வீடுகளில் இப்படிப் பேசிக்கொண்டிருப்போரை நான் செய்தியாளனாகப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அவர்களுள் எவரையும் பைத்தியம் என்று நான் எழுதியதில்லை. மறு ஆக்கம் இந்த இடத்தில் மூலத்தை மிஞ்சிவிட்டது என்று மனமாரச் சொல்வேன்.

"இப்பவும் ஏலாதோ, தம்பி?" என்று கேட்டேன்.

"ஏலாது மாமா" என்றான். இம்முறை அவன் அழவில்லை. மேலே பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். பால் காய்ச்சப் போனான்.

கொழும்பு திரும்பியதும் என் பழைய நறுக்குக் கோப்புக்களைத் தேடி, 1996 பெப்ரவரி முதலாம் திகதிச் செய்தியை எடுத்து வாசித்தேன். தகவற்பிழை ஏதுமில்லை. அன்று தெரிந்த தொகை சரியாக இருக்கிறது. செய்தவர் யார் என்பதும் சுற்றிவளைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓர் எழுத்தையும் இன்று மாற்றமாட்டேன். ஆனால் மனிதர் எவருடைய பெயரும் அதில் இல்லை. அமைச்சர் ஒருவருடைய பெயரைத் தவிர.

ஆகவே இந்த வேண்டுகோள். உலகின் எப்பகுதியிலேனும் இதை வாசிப்பவர்களுள் எவருக்காவது, 1996 இல் கொழும்புக் கோட்டையில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்து, ஜனவரி 31 இற்குப் பின் வீடு திரும்பாத பதுளைப் பகுதி உறவினர் ஒருவரைத் தெரிந்திருக்கலாம். அவருடைய தம்பி அந்த வாரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து, மீசை அரும்பிய செய்தியாளன் ஒருவனிடம் பெயரெழுதிக் கொடுத்துச் சென்றவர். அந்தப் பெயரை எனக்கு மீண்டும் ஒருமுறை எழுதி அனுப்புங்கள். அன்று முதற்பக்கத்தில் இடம்பெறாத பெயரை இந்தப் பக்கத்திலாவது எழுதிவைக்க விரும்புகிறேன்.